தொகையும் விலையும்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதில் மூன்றே வகுப்புகள் இருந்தன: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. ஆடுவோர் ‘கிளாஸ்’ என்று சொல்லும் இந்த வகுப்பு, ஒரு பாத்திரம் எத்தகையது என்பதைக் காட்டிலும் அது என்ன செய்யவல்லது என்பதையே வரையறுக்கிறது. போர்வீரருக்கு எல்லா ஆயுதமும் கவசமும் உண்டு, மந்திரம் இல்லை. மந்திரவாதிக்கு மந்திரம் உண்டு. கவசம் இல்லை, ஆயுதமாக ஒரு குறுவாள் மட்டும்.

அந்த முதல் விதிநூலிலேயே ஒரு விலக்கும் இடம்பெற்றது. எல்ஃப் இனத்தைச் சேர்ந்த பாத்திரம் ஒரு சாகசத்தில் போர்வீரராகவும் அடுத்த சாகசத்தில் மந்திரவாதியாகவும் இறங்கலாம். ஒரே ஆட்டத்தின் நடுவில் மட்டும் மாறக்கூடாது. ஆக, விளையாட்டு பிறந்த ஆண்டிலேயே அதனோடு ஒரு வினாவும் பிறந்தது. இரண்டு வகுப்புகளின் போர்த்திறன்களை ஒருவர் பெறலாமா? பெறலாமெனில் அதற்கு அவர் தரவேண்டிய விலை என்ன? பின்வந்த ஒவ்வொரு பதிப்பும் இதற்கு வெவ்வேறு விடை தந்திருக்கிறது. இரு துறைகளுக்கிடையே நின்று ஆய்வு செய்வோர் அவ்விடைகளைப் படித்தால் தமக்குப் பழக்கமான சில வாதங்களை அங்கே காண்பர்.

புதிதாக ஆட வருபவர் இதனைக் கூட்டல் கணக்காகவே எண்ணுகிறார். வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். இரண்டையும் கூட்டினால் இருமடங்கு வலிமை வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தமிழில் ‘தொகை’ என்னும் சொல் கூட்டிவந்த எண்ணையும் குறிக்கும். சொற்கள் இணைந்து நிற்கும் இலக்கண அமைப்பையும் குறிக்கும். இவ்விளையாட்டின் விதிகளை விளங்கிக்கொள்ள இரண்டாம் பொருளே பயன்படுகிறது.

தொகைச்சொல்லின் பொருட்சிறப்பு எங்கே நிற்கிறது என்று தொல்காப்பியமும் நன்னூலும் கேட்கின்றன. சேரும் சொற்களுள் ஏதேனும் ஒன்றில் நிற்கலாம்: வேங்கைப்பூ என்பது பூவே, மரமன்று. இரண்டிலும் ஒருங்கே நிற்கலாம்: கபிலபரணர் என்பதில் இருவருக்கும் சம உரிமை. இரண்டுக்கும் புறத்தே நிற்கலாம்: பொற்றொடி என்பது பொன்னுமன்று, தொடியுமன்று, அதனை அணிந்த பெண். ஃபைட்டர்–விஸார்ட் என்ற இணைப்பைக் கொண்டு கடந்த அரை நூற்றாண்டின் விதிநூல்களைப் புரட்டினால், இம்மூன்று வகையும் அங்கே தனித்தனியே முயன்று பார்க்கப்பட்டிருப்பது தெரிகிறது.

முதலில் இரண்டிலும் நிற்பது. 1978இல் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு, மனிதரல்லாத இனத்தவர் இரண்டு வகுப்புகளில் ஒருசேர இருக்கலாம் என்றது. கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரியும். உயிர்ப்புள்ளிகள் இரண்டின் சராசரியாக அமையும். பாதியாகப் பிரிவது பேரிழப்பாகத் தோன்றும். ஆனால் அன்றைய அட்டவணையின் தொடக்கப் பகுதியில் ஒவ்வொரு நிலையும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு புள்ளி கேட்டது. ஃபைட்டர் இரண்டாம் நிலைக்கு ஏற ஏறத்தாழ 2,000 புள்ளி, மூன்றாம் நிலைக்கு 4,000, நான்காம் நிலைக்கு 8,000. எனவே பாதிப் புள்ளியோடு ஏறுபவர் தோழர்களைவிட ஒரு நிலைதான் பின்தங்குவார். ஒன்பதாம் நிலைக்குப் பின்னர் நிலைக்கு 2,50,000 என்று அட்டவணை சீராகிவிடும்; அங்கேதான் பாதி என்பது உண்மையிலேயே பாதியாகும். இளமையில் மலிவாகவும் முதுமையில் கடுமையாகவும் வசூலிக்கப்படும் விலை அது.

அடுத்து, ஒன்றில் மட்டும் நிற்பது. அதே 1978ஆம் ஆண்டு நூல் மனிதருக்கு வேறொரு பாதை வகுத்தது. மனிதர் தம் பழைய வகுப்பை விட்டுப் புதியதில் முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பழைய வகுப்பின் முதன்மைப் பண்பில் 15உம் புதியதன் பண்பில் 17உம் வேண்டும். பண்புகள் மூன்று அறுமுகப் பகடைகளை ஒட்டிய 3 முதல் 18 வரையிலான அளவில் அமைந்தவை என்பதை எண்ணினால், இந்த வாயில் எவ்வளவு குறுகியது என்பது புரியும். இன்னும் கடுமையான நிபந்தனை ஒன்று உண்டு. புதிய வகுப்பின் நிலை பழையதன் நிலையைத் தாண்டும்வரை, பழைய திறனை எடுத்தாண்டால் அந்தச் சாகசத்துக்கான அனுபவப் புள்ளி கிடையாது. ஏழாம் நிலைப் போர்வீரர் ஒருவர் மந்திரம் கற்கப் புகுந்தால், உயிர் போகும் நெருக்கடியிலும் வாளை எடுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். எடுத்தால் பிழைப்பார், ஆனால் அன்று கற்றது எதுவும் கணக்கில் ஏறாது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இதற்கு நேரெதிரான திசையில் சென்றது. அங்கே முதல் வகுப்பு கடைசிவரை முதல் வகுப்பே. மற்றொன்றிலிருந்து ஒரு பயிற்சியும், சண்டைக்கு ஒருமுறை பயன்படுத்தத்தக்க ஒரு திறனும் பெறலாம். விலை குறைவு, கிடைப்பதும் குறைவு. முதுகலைப் படிப்பில் பிற துறைத் தாள் ஒன்றை விருப்பப் பாடமாக எடுப்பது போன்றது அது.

மூன்றாவது, புறத்தே நிற்பது. 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு தனி வகுப்பு. எல்லா ஆயுதமும் ஏந்தலாம். கவசத்தோடு மந்திரமும் சொல்லலாம். இரண்டாம் நிலைக்கு ஃபைட்டருக்கு 2,000 புள்ளியும் மந்திரவாதிக்கு 2,500 புள்ளியும் தேவைப்பட்டபோது எல்ஃபுக்கு 4,000 தேவைப்பட்டது. பத்தாம் நிலைக்கு மேல் ஏறவும் வழியில்லை. இரண்டின் கூடுதலைவிட 500 குறைவாகக் கேட்டுவிட்டு, உச்சியில் கதவைச் சாத்திய விதி அது. 2008இல் வந்த ஸ்வார்டுமேஜ் என்னும் வகுப்பும் இத்தகையதே. அங்கே வாள்வீச்சும் மந்திரமும் தனித்தனிப் பயிற்சிகள் அல்ல. தொடக்கத்திலிருந்தே ஒரே கலை. இவ்விடத்தில் இணைப்பு என்ற வினாவே மறைந்துவிடுகிறது. இரு துறைகள் மோதிய இடத்தில் புதிய துறை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று.

இம்மூன்றிலும் சேராத நான்காம் வழி ஒன்றும் உண்டு. இன்று பெரும்பாலோர் ஆடுவது அதைத்தான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு தடைகளைப் பெரும்பாலும் நீக்கியது. ஒவ்வொரு நிலை உயரும்போதும் எந்த வகுப்பின் அடுத்த நிலையை வேண்டுமானாலும் எடுக்கலாம். சுதந்திரம் வந்தது, கூடவே விலையும் உயர்ந்தது. பழைய முறையில் இரு வகுப்பினர் ஒரு நிலைதான் பின்தங்கினார் என்று கண்டோம். புதிய முறையில் பத்தாம் நிலையை இரண்டாகப் பிரித்தவர் ஐந்தாம் நிலை ஃபைட்டர், ஐந்தாம் நிலை விஸார்ட்; அவ்வளவே. முழுமையான ஃபைட்டரின் தாக்குதல் கூட்டெண் பத்தாக இருக்கும்போது இவருடையது ஏழு. முழுமையான விஸார்ட் ஐந்தாம் படி மந்திரங்களைக் கையாளும்போது இவர் மூன்றாம் படியில் நிற்கிறார். முழுக்கவசம் அணிந்தாலோ அவர் சொல்லும் மந்திரம் நூற்றுக்கு 35 முறை பொய்த்துப்போகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதுதான் நிலை. இக்குறையை ஈடுகட்ட 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு ‘எல்ட்ரிச் நைட்’ என்ற உயர்வகுப்பை அமைத்தது. இரண்டையும் ஓரளவு கற்றவர்கள் மட்டும் அதில் நுழையலாம். நுழைந்தபின் இரண்டும் ஏறத்தாழ ஒருசேர வளரும்.

இலக்கணச் சொல்லால் குறிப்பதானால், மூன்றாம் பதிப்பு தந்தது தொகாநிலைத் தொடர். சொற்களை அடுத்தடுத்து வைக்கும் உரிமையை விதி தருகிறது; அவை ஒன்றாய் இயையுமா என்பது ஆடுபவர் பொறுப்பு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பும் இவ்வழியையே பின்பற்றியது. கவசத்தால் மந்திரம் பொய்க்கும் விதி அதில் இல்லை. பயிற்சி பெற்ற கவசமாக இருந்தால் போதும். இரு வகுப்புக்கும் உரிய பண்புகளில் 13 வேண்டும் என்ற எளிய தகுதி மட்டும் எஞ்சியது. அதோடு, பல வகுப்பு முறையே விருப்ப விதிதான். ஆட்டத்தை நடத்துபவர் ஒப்பினால் உண்டு, இல்லையேல் இல்லை.

இந்த ஐந்தாம் பதிப்பில் ஃபைட்டர்–விஸார்டும் விஸார்ட்–ஃபைட்டரும் ஒன்றல்ல. முதல் நிலையில் ஃபைட்டராகத் தொடங்குபவருக்குக் கனத்த கவசத்தில் பயிற்சி உண்டு. உடலுறுதி சார்ந்த தற்காப்பு வீச்சிலும் தேர்ச்சி உண்டு. பின்னர் ஃபைட்டராக வந்து சேர்பவருக்கு இவ்விரண்டும் கிடையா. நீடித்து நிற்கும் மந்திரத்தை அடிபட்டபோதும் கலையாமல் காக்க வேண்டியது இந்த உடலுறுதி வீச்சுதான். எனவே போர்க்களத்தின் முன்வரிசையில் நின்று மந்திரத்தை ஏந்தக்கூடியவர், முதலில் வாளைக் கற்றுப் பின் நூலைத் திறந்தவர். இருவர் கற்றதும் ஒரே இரண்டு கலைகள். கற்ற வரிசை இருவரையும் வேறு வேறாக்கிவிடுகிறது.

வடக்கே ஒரு பல்கலைக்கழக விடுதியில் ஞாயிறு இரவுகளில், மெஸ் மூடியபின், இவ்விளையாட்டை ஆடும் குழு ஒன்றில் ஆய்வு மாணவி ஒருவர் இப்படியொரு பாத்திரத்தை இரண்டாண்டுகளாக ஆடிவருகிறார். கணினிப் பொறியியலில் பட்டம் பெற்று, வேலையை விட்டு, மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர். தொடர்ந்து பேசும் பேச்சொலியில் ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்கும் எல்லையைக் கணினி எங்கே தவறவிடுகிறது என்பது அவருடைய பொருள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இது மொழியியலா, கணினியியலா? கேட்பவர்களிடம் பகைமை ஏதுமில்லை. பட்டச்சான்றில் ஒரு துறையின் பெயரைத்தான் எழுதமுடியும். ஆய்வேட்டை மதிப்பிட அனுப்புவதற்கும் ஏதேனும் ஒரு துறையின் பேராசிரியர் பட்டியல்தான் வேண்டும்.

அவருடைய பாத்திரம் ஃபைட்டராகத் தொடங்கியது. நான்கு நிலை ஃபைட்டர், பின் நான்கு நிலை விஸார்ட். ஐந்தாம் பதிப்பைத் தெரிந்தவர்கள் இந்த எண்களைக் கேட்டதும் முகம் சுளிப்பர். ஏனெனில் இவ்விளையாட்டில் ஐந்தாம் நிலை என்பது ஒரு பெரிய வாசல். ஃபைட்டருக்கு அங்கேதான் ஒரே முறையில் இருமுறை தாக்கும் திறன் வருகிறது; விஸார்டுக்கு அங்கேதான் ஃபயர்பால் போன்ற மூன்றாம் படி மந்திரங்கள் திறக்கின்றன. ஒரே வகுப்பில் சென்ற தோழர்கள் அவ்வாசலைக் கடந்து மூன்று நிலை சென்றுவிட்டனர். அவரோ இரண்டு வாசல்களின் முன்னும் நான்காம் படியில் நின்றார். மாதக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை வாள்வீசிவிட்டு உட்காருவதும், அடுத்தவர் இருமுறை வீசுவதைப் பார்ப்பதுமாகக் கழிந்தது. அதே ஆண்டில் அவருடன் முதுகலை படித்தவர்கள் கட்டுரைகள் வெளியிட்டு உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர் துறைமாறி வந்ததால் முதலாண்டுப் பாடங்களையே படித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் அவரே ஒப்பிட்டுச் சிரித்ததுண்டு. அச்சிரிப்பில் எல்லோரும் கலந்துகொள்ளவில்லை.

தொகை என்பதற்கு உரையாசிரியர்களிடையே இரு விளக்கம் உண்டு. இடையில் நிற்கவேண்டிய உருபு மறைவதால் தொகை என்பது ஒன்று. சொற்கள் பிரிக்கவியலாதவாறு ஒரு சொல்போல் இயைவதால் தொகை என்பது மற்றொன்று. முதல் விளக்கம் இழப்பைப் பார்க்கிறது. இரண்டாவது இணைவைப் பார்க்கிறது. இரு வகுப்பு ஏற்கும் பாத்திரத்துக்கும் இரு கணக்கும் உண்டு.

இழப்பின் கணக்கு விதிநூலிலேயே பட்டியலாக இருக்கிறது. இரண்டு வகுப்புகளிலிருந்து இருமுறைத் தாக்குதல் கிடைத்தாலும் அவை கூடி மும்முறையாகா. பார்பேரியனுக்கும் மாங்குக்கும் கவசமின்றித் தற்காக்கும் முறை தனித்தனியே உண்டு. ஒன்றை ஏற்கெனவே பெற்றவருக்கு மற்றது கிடைக்காது. பார்பேரியனின் போர்வெறி நீடிக்கும்வரை மந்திரம் சொல்ல இயலாது. முன்பே சொன்ன மந்திரத்தைத் தொடர்ந்து ஏந்தவும் இயலாது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகளை வாங்கியவருக்கு விதி ஈடு தருவதில்லை.

இணைவின் கணக்கு எங்கும் பட்டியலாக இல்லை. படிப்பவரே கண்டெடுக்க வேண்டும். ரோக் என்னும் மறைதாக்குநர் தம் முறையில் ஒருதடவை கூடுதல் காயம் விளைவிக்கலாம். அதற்கு ஃபினெஸ் தன்மை கொண்ட ஆயுதமோ எய்யும் ஆயுதமோ கையில் இருக்கவேண்டும். தாக்குதலில் அனுகூலமும் வேண்டும், அதாவது இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததைக் கொள்ளும் உரிமை. பகைவரின் அருகே தோழர் ஒருவர் நின்றால் அனுகூலம் இன்றியும் ஆகும். தோழர் இல்லாத இடத்தில் அது பெரும்பாடு. பார்பேரியனோ இரண்டாம் நிலையிலேயே, தன் காப்பைத் துறந்து, எப்போது விரும்பினாலும் அனுகூலம் பெறலாம். ஆனால் உடல்வலிமையால் தாக்கும் தாக்குதலுக்கு மட்டும். ரோக் விரைவுத்திறனால் குத்துபவர், பார்பேரியன் வலிமையால் வெட்டுபவர் என்பதால் இரண்டும் சேரா என்றே முதற்பார்வைக்குத் தோன்றும்.

விதியின் சொற்களை மறுபடி படித்தால் வழி தெரியும். ஃபினெஸ் ஆயுதத்தை விரைவாலோ வலிமையாலோ எதனாலும் வீசலாம். மறைதாக்குதலின் நிபந்தனை ஆயுதத்தின் தன்மையைச் சொல்கிறதே ஒழிய, எந்தப் பண்பால் வீசவேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே ரேப்பியர் என்னும் மெல்லிய குத்துவாளை வலிமையால் செலுத்தும் ஒருவருக்குப் பார்பேரியனின் அனுகூலமும் போர்வெறியின் கூடுதல் காயமும் ரோக்கின் மறைதாக்குதலும் ஒரே குத்தில் வந்து சேர்கின்றன. ஒரு கலையில் நிறைவேறாது கிடந்த நிபந்தனையை மற்றொரு கலை நிறைவேற்றுகிறது. இணைவு என்று சொல்லத்தக்கது இதுவே. இரண்டு நிலை பார்பேரியன் என்ற விலை இங்கே வீணாகவில்லை.

ஒரு வினைச்சொல் மாறினால் இத்தகைய இணைவு மறைந்தும் போகும். 2014ஆம் ஆண்டு விதியில் பாலடினின் தெய்வத்தாக்கு மந்திரமன்று; மந்திரத்துக்கென ஒதுக்கிய ஆற்றலைச் ‘செலவிடுதல்’ மட்டுமே. போர்வெறியோ மந்திரம் ‘சொல்வதை’த்தான் தடுத்தது. எனவே பார்பேரியன்–பாலடின் வெறியின் உச்சத்திலும் தெய்வத்தாக்கைப் பயன்படுத்தலாம். 2024ஆம் ஆண்டுப் பதிப்பு தெய்வத்தாக்கையே ஒரு மந்திரமாக்கியது. பத்தாண்டுகளாக ஆடப்பட்டுவந்த ஓர் இணைப்பு அதனால் முடிவுக்கு வந்தது. தடையின் வாசகத்தை யாரும் கடுமையாக்கவில்லை. தடுக்கப்படும் பொருளின் எல்லைக்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது, அவ்வளவே. சொற்பொருளியல் வகுப்பில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இப்படி விதியைத் துருவிப் படிப்போரை மேசையில் ஐயத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. கதைக்காக ஆடவேண்டிய இடத்தில் எண்ணுக்காக ஆடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு வகுப்பில் இரண்டே நிலை எடுத்து, அதன் பயனைக் கொய்துகொண்டு, அதன் கடமைகளைத் திரும்பியும் பாராத பாத்திரங்கள் ஏராளம். தெய்வத்துக்கு உறுதிமொழி எடுத்த பாலடின், மறுவாரமே வேற்றுலகச் சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் செய்து வார்லாக் ஆகிவிட்டு, இரண்டு எசமானர்களைப் பற்றியும் ஒரு சொல்லும் பேசாமல் ஆடுவதைப் பலர் பார்த்திருப்பர். வேறொரு துறையின் கலைச்சொல் இரண்டைக் கட்டுரையின் தலைப்பில் ஏற்றிவிட்டு, உள்ளே அத்துறையின் ஒரு வாதத்தையும் தொடாத ஆய்வுகள் நமக்குப் புதியவை அல்லவே. இருப்பினும், துருவிப் படித்தலும் கதையும் பகை அல்ல. வலிமையால் ரேப்பியர் ஏந்தும் அந்த ரோக் ஏன் அப்படிப் போரிடுகிறார், யாரிடம் எதை இழந்து வெறிகொள்ளக் கற்றார் என்று மேசையில் ஒருவர் கேட்டு, அதற்கு விடை கிடைக்கும்போது, எண்ணிலிருந்தே கதை தொடங்குகிறது.

விடுதிக் குழுவில் அந்த ஃபைட்டர்–விஸார்டுக்கான இணைவு எட்டாம் நிலையில்தான் வெளிப்பட்டது. குறுகிய சுரங்கவழி, எதிரே ஓகர் எனப்படும் பேருடல் அரக்கர் நால்வர். அவர் வழியின் வாயிலில் முழுக்கவசத்தோடு நின்று, சிலந்திவலை மந்திரத்தை உள்ளே விரித்தார். இரண்டாம் படி மந்திரம்; எந்த விஸார்டும் மூன்றாம் நிலையிலேயே கற்பது. ஆனால் அதைக் கலையாமல் ஏந்தவேண்டும். வலையை அறுத்து வந்த ஓகர்கள் அடித்தபோது, அவர் கவசத்தின் 18ஐத் தாண்டிய வீச்சுகளைக் கேடய மந்திரம் 23ஆக உயர்ந்து தடுத்தது. தடுக்கமுடியாமல் பட்ட அடிகளுக்கு, முதல் நிலையில் ஃபைட்டராகத் தொடங்கியதால் கிடைத்த உடலுறுதித் தேர்ச்சி துணைநின்றது. வலை கலையவில்லை. முழு விஸார்டான தோழர் அவ்விடத்தில் நின்றிருந்தால் முதல் இரண்டு அடியில் வீழ்ந்திருப்பார்; முழு ஃபைட்டரான தோழரால் வலையே விரித்திருக்க முடியாது. ஃபயர்பால் கையில் வைத்திருந்தவர் அன்று அதை வீசவில்லை. வீசினால் வலை தீப்பற்றிவிடும். எட்டு நிலைகளில் முதல்முறையாக, மற்றவர்கள் அவருடைய திறனுக்கு ஏற்பத் தம் ஆட்டத்தை அமைத்துக்கொண்டனர்.

அவருடைய ஆய்விலும் இதையொத்த ஓர் இடம் உண்டு. கணினி தவறவிட்ட சொல்லெல்லைகளைப் பொறியியல் அறிந்தவர்கள் பிழை விழுக்காடாக எண்ணி வைத்திருந்தனர். அப்பிழைகள் எங்கே குவிகின்றன என்று பார்க்க, நிரலின் வெளியீட்டை வரிவரியாகப் பிரித்துப் படிக்கவேண்டும். படித்தபின், அவை பெரும்பாலும் புணர்ச்சியில் ஒலி திரிந்தும் கெட்டும் போகிற இடங்கள் என்று அடையாளம் காணவேண்டும். முதல் வேலைக்குப் பழைய பட்டம் தேவைப்பட்டது. இரண்டாவதற்குப் புதிய பட்டம். இரண்டும் ஒருவரிடம் இருந்ததால் மட்டுமே அந்தப் பட்டியல் பிழைப்பட்டியலாக இராமல் தரவாக மாறியது. ஆலோசனைக் குழுவின் கேள்விக்கு அவர் இப்போது துறையின் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பட்டியலை எடுத்து வைக்கிறார். குழுவில் ஒருவர் அதனை நெடுநேரம் பார்த்தார். மற்றொருவர் மீண்டும் துறையின் பெயரையே கேட்டார்.

இணைவு ஒன்று கிடைத்துவிட்டதால் இழந்த காலம் திரும்பிவிடாது. இரு வகுப்பு ஏற்பவருக்கு அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் இரண்டு அறிவுரை சொல்வதுண்டு. முதலாவது, ஐந்தாம் நிலை வாசல்களுள் ஏதேனும் ஒன்றைக் கடந்தபின் மற்றதைத் தொடங்கு. இரண்டாவது, ஒன்றில் நிறைவேறாது நிற்கும் நிபந்தனை எது, அதை நிறைவேற்ற மற்றதில் எது இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லமுடியாவிட்டால் தொடங்காதே. முதல் அறிவுரையை எல்லோராலும் பின்பற்ற இயலாது. வாழ்க்கை எந்த நிலையில் ஒருவரைத் துறை மாற்றும் என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. மேசையிலும், நேர்மையாகக் கதையைப் பின்தொடர்ந்து ஆடுபவருக்கு அதுவே நேர்கிறது. இரண்டாம் அறிவுரை எவருக்கும் பொருந்தும். அந்த வாக்கியம் கையில் இருப்பவர், காத்திருக்கும் காலத்தில் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதையாவது அறிந்திருப்பார்.

ஒன்பதாம் நிலை வந்தபோது அக்குழுவில் நெடிய விவாதம் நடந்தது. ஃபைட்டராக ஏறினால் அன்றே இருமுறைத் தாக்குதல்; விஸார்டாக ஏறினால் மூன்றாம் படி மந்திரம். இரண்டும் நான்கு நிலை தாமதமாக வருபவை. முழு ஃபைட்டரான தோழர், வாளையே எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தினார். இனியாவது தன்னோடு சமமாக நிற்கலாம் என்றார். அவர் விஸார்டின் ஐந்தாம் நிலையை எடுத்தார். வாள்வீச்சு இன்னும் ஒருமுறைதான்.